கூகுள் சர்ச்: இருபது வருஷமா யூஸ் பண்றவனோட ரிவ்யூ

ரேட்டிங்க மொதல்லயே சொல்லிடறேன், 5க்கு 3. அந்த மூணும் அங்க கோடு எழுதுற எஞ்சினியருங்களுக்கு, கல்லாவுல உக்காந்திருக்கவங்களுக்கு இல்ல.

சுந்தர் பிச்சை மதுரையில பொறந்து சென்னையில வளந்தவரு, நம்ம ஊரு புள்ள நடத்துற கம்பெனிய போயி இப்டி எழுதலாமாடான்னு எங்க சித்தப்பா கேப்பாரு. சித்தப்பா, இத்தோட ஸ்க்ரோல் பண்ணி போயிடுங்க.

பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குல காசு குடுத்து நெட் பாத்த காலத்துல அந்த வெள்ளப் பக்கமும் நடுவுல ஒரே ஒரு பெட்டியும் பாத்தப்ப வந்த நிம்மதி இருக்கே, யாஹூ பக்கத்த தொறந்தா சந்தக்கடை மாதிரி இருக்கும், இது கோயில் பிரகாரம் மாதிரி காலியா இருந்துச்சு. யாரு யாருக்கு லிங்க் குடுக்கிறாங்கன்னு எண்ணி, அதுலயும் பெரிய கை குடுக்குற லிங்குக்கு கூடுதல் மதிப்பு போட்டு வரிசப்படுத்தினாங்க பாருங்க, அது நெஜமாவே புது யோசனை, அத யாரும் மறுக்க முடியாது. ஆனா கூகுள ஆரம்பிச்ச அதே லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998ல எழுதின ஆய்வுக் கட்டுரையிலயே வெளம்பரக் காசுல ஓடுற தேடுபொறி தேடுறவன விட்டுட்டு வெளம்பரக்காரன் பக்கம்தான் சாயும்னு எழுதி வெச்சிருக்காங்க. 2000லயே சர்ச்சுல வெளம்பரம் விக்கிற ஆட்வேர்ட்ஸ் வந்துடுச்சு! எச்சரிக்கை போர்டு நட்டவங்களே அந்தக் குழியில எறங்கி வீடு கட்டிட்டாங்க.

சரி, தேடுற வார்த்தைக்கு வெளம்பரக்காரங்கள ஏலம் கேக்க விடுற முறையாவது இவங்க கண்டுபிடிப்பான்னா அதுவும் முழுசா இல்ல. கோட்டூன்னு ஒரு கம்பெனி 1998லயே வார்த்தைய ஏலம் விட்டு, க்ளிக்குக்கு இவ்ளோன்னு வசூல் பண்ணிட்டு இருந்துச்சு, அப்புறம் ஓவர்ச்சர்னு பேர மாத்திக்கிட்டு கூகுள் மேல பேட்டன்ட் கேஸ் போட்டாங்க, அந்த கம்பெனிய யாஹூ வாங்கினதுக்கப்புறம் 2004ல 27 லட்சம் ஷேர குடுத்து கூகுள் செட்டில் பண்ணுச்சு. இவங்க சேத்த மசாலா என்னன்னா, அதிக ஏலம் கேட்டவன் மட்டும் மேல வர மாட்டான், ஜனங்க எத அதிகமா க்ளிக் பண்றாங்கன்னும் பாப்பாங்க. நல்ல மசாலாதான்.

இப்ப ஒரு சின்ன விஷயத்த கிட்டக்க வெச்சு பாருங்க, வெளம்பரம்னு காட்டுற அந்த அடையாளம். முன்னாடி வெளம்பரத்துக்கு பின்னாடி லேசா ஒரு கலர் அடிச்சிருப்பாங்க, தூரத்துல இருந்தே தெரியும். 2013ல கலர தூக்கிட்டு ஒரு குட்டி மஞ்சள் லேபிள் மட்டும். 2016ல லேபிள் பச்சையாச்சு, லிங்க் அட்ரஸும் அதே பச்சைதான். 2017ல உள்ள இருந்த பச்சையும் போயி வெறும் கோடு. 2020ல கம்ப்யூட்டர்லயும் கறுப்பு எழுத்து. கல்யாண வீட்டு மொய் நோட்டுல இங்க் கொஞ்சம் கொஞ்சமா மங்குற மாதிரி ஏழு வருஷத்துல அந்த வித்தியாசம் மங்கிப்போச்சு. இத ஒரு டிசைனர் தெரியாம பண்ணிட்டாருன்னு என்னால நம்ப முடியல.

ஏன்னா 2024ல கூகுளோட தாய்க் கம்பெனி ஆல்ஃபபெட்டுக்கு வந்த 35,000 கோடி டாலர்ல முக்காவாசி வெளம்பரக் காசு. தானா ஓடுற கார், கிளவுடு, ஃபோன், எல்லாம் இருந்தும் அடுப்பெரியிறது வெளம்பரத்துலதான். கடை வெச்சிருக்க ஒருத்தர்னு வெச்சுக்கோங்க, அவரு கடை பேர ஜனங்க டைப் பண்ணும்போது போட்டிக் கடைக்காரன் அந்தப் பேருக்கே ஏலம் கேக்கலாம், அப்ப தன் சொந்தப் பேருக்கு மேல வர இவரும் காசு கட்டணும். தன் வீட்டுக்கு போற ரோட்லயே டோல் கட்டுற கதை.

அந்த டோல்கேட்ட கட்டிக்காக்க எவ்ளோ செலவுன்னு அமெரிக்க கோர்ட்ல வெளிய வந்துச்சு: மத்தவங்க ஃபோன்லயும் பிரவுசர்லயும் இவங்க சர்ச்சே மொதல்ல இருக்கணும்ங்கறதுக்காக 2021ல மட்டும் 2,630 கோடி டாலர் குடுத்திருக்காங்க, 2022ல ஆப்பிளுக்கு மட்டுமே 2,000 கோடி. இதெல்லாம் பாத்துட்டுதான் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட்ல இது சட்டவிரோத ஏகபோகம்னு தீர்ப்பு குடுத்தாரு. நம்ம நாட்லயும் 2022ல ஆண்ட்ராய்டு விஷயத்துல போட்டி ஆணையம் 1,337 கோடி ரூபா ஃபைன் போட்டுச்சு. பொருள் அவ்ளோ ஒசத்தின்னா கடை வாசல்ல நிக்க ஏன் இவ்ளோ வாடகை?

புதுமை புதுமைங்கறாங்களே, ஆண்ட்ராய்டு 2005ல வாங்கினது, யூடியூப் 2006ல வாங்கினது, மேப்ஸும் ஆஸ்திரேலியாவுல இருந்த சின்ன கம்பெனிய வாங்கி வளத்தது. வாங்கி வளக்கறது தப்பில்ல, அதுக்கும் தெறமை வேணும். ஆனா வெளம்பரத்துக்கு ஆவாதத எப்டி வளப்பாங்கன்னு தமிழ்ல பிளாக் எழுதினவங்கள கேளுங்க. பிளாக்கர 2003ல வாங்கினாங்க, தமிழ்ல எழுதினவங்க நெறைய பேரு அதுலதான் குடியிருந்தாங்க, எல்லாரும் எழுதினத ஒரே எடத்துல படிக்க கூகுள் ரீடர் இருந்துச்சு, அத 2013 ஜூலையில இழுத்து மூடிட்டாங்க. பக்கத்துல வெளம்பரம் போட்டு எழுதினவங்களுக்கும் பங்கு குடுக்குற ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்தது 2018ல, அதுக்குள்ள பாதி தெரு காலியாகி ஃபேஸ்புக்குக்கு போயிடுச்சு. ஆர்குட், கூகுள் பிளஸ், ஸ்டேடியா, அந்த சுடுகாட்டு லிஸ்ட் பெருசு.

உள்ளுக்குள்ள மூளை இல்லன்னு சொல்ல வரல. 2017ல டிரான்ஸ்ஃபார்மர்ங்கற ஏஐ முறையப் பத்தி ஒரு கட்டுரைய அங்க வேல பாத்த எட்டு பேரு எழுதினாங்க, சாட்ஜிபிடி பேர்ல கடைசில இருக்க டி அதுதான். ஆனா அத கடைக்கு கொண்டுவந்து 2022 நவம்பர்ல ஊரையே திரும்பிப் பாக்க வெச்சது வேற கம்பெனி, அந்த எட்டு பேரும் ஒவ்வொருத்தரா வெளிய போயிட்டாங்க. என் சந்தேகம் என்னன்னா, நேரா பதில சொல்லிட்டா நடுவுல வெளம்பரத்த எங்க சொருகறதுங்கற கணக்குதான் கைய கட்டிப் போட்டுச்சு. அப்புறம் அவசர அவசரமா 2024 மே மாசம் ஏஐ பதில மேல ஒட்டினாங்க, அது பீட்சாவுல சீஸ் நழுவாம இருக்க பசை கலக்க சொல்லுச்சு, யாரோ ரெட்டிட்ல காமெடிக்கு எழுதினத நம்பி.

அப்ப மூணு எதுக்குன்னா, எங்கம்மா கண்ணாடிய தேடாம மைக்க அமுக்கி தமிழ்லயே "நாளைக்கு பிரதோஷமா"ன்னு கேக்கறாங்க, பதில் வருது. வெறும் லிங்க் மட்டும் வேணும்னா சர்ச் பண்ணிட்டு மேல இருக்க வரிசையில "வெப்"ங்கறத தொடுங்க, பழைய கூகுள் கிட்டத்தட்ட அப்படியே அங்கதான் இருக்கு. வரிசையில காணோம்னா "மோர்" குள்ள தேடுங்க, அங்க மடிச்சு வெச்சிருப்பாங்க.