பெல்கிரேடில் 180 யூரோ போனது: வழிகாட்டி லிங்க் அனுப்பினால் பணம் கட்டாதீர்கள்

செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடில் ஒரு சின்ன ஓட்டல் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேற்று ராத்திரி கட்டிய பணம், இன்று மதியத்துக்குள் போயே போய்விட்டது. 180 யூரோ. உள்ளூர்க் கணக்கில் சுமார் 21,000 தினார். கோபத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவும் நானும் புடாபெஸ்டிலிருந்து பஸ்ஸில் வந்தோம். ஒரு நாளை நோவி சாத் பக்கம் போக ஒதுக்கியிருந்தேன். அங்கே பெத்ரோவரதின் கோட்டையில் ஒரு மணிக்கூண்டு உண்டு. பெரிய முள் மணியைக் காட்டும், சின்ன முள் நிமிடத்தை. டான்யூபில் படகில் போகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே மணி தெரியட்டும் என்று அப்படி வைத்தார்களாம். அதைப் பார்க்க எனக்குப் பல நாள் ஆசை. பக்கத்திலேயே ஸ்ரெம்ஸ்கி கார்லோவ்சி, 1699இல் ஆஸ்திரியாவும் கூட்டாளிகளும் துருக்கியர்களோடு சமாதானம் பேசி முடித்த ஊர். மூலிகை போட்ட பெர்மெத் என்ற இனிப்பு ஒயினுக்குப் பேர்போனது. இத்தனையும் மதியச் சாப்பாட்டோடு ஆளுக்கு 90 யூரோ என்று, சுற்றுலா புக் செய்யும் இணையதளம் ஒன்றில் போட்டிருந்தது. பணம் அப்புறம் கட்டலாம். நட்சத்திரம் நாலரைக்கு மேல்.

புக் செய்த அரை மணியில் வழிகாட்டி வாட்ஸப்பில் வந்தான். அம்மா கறி, மீன் தொடமாட்டார், என்ன கிடைக்கும் என்று கேட்டேன். இந்த ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் செவாப்பி, ப்ளெஸ்கவித்சா என்று சுட்ட கொத்துக்கறிதான். சார்மாவில்கூட முட்டைக்கோஸ் இலைக்குள் கொத்துக்கறி. அவன் யோசிக்கவே இல்லை. "எங்கள் அம்மாவையே ப்ரெப்ரனாட்ஸ் செய்யச் சொல்கிறேன்" என்றான். வெள்ளை அவரைக்கொட்டையை ராத்திரியே ஊறவைத்து, நிறைய வெங்காயமும் மிளகாய்த்தூளும் சேர்த்து, மண்சட்டியோடு ஓவனில் வைத்து எடுப்பது. சட்டியின் போட்டோகூட அனுப்பினான். நான் விழுந்தது அங்கேதான். அடுத்த செய்தியே, "தளம் கமிஷன் பிடிக்கிறது. அங்கே கேன்சல் செய்துவிட்டு இந்த லிங்க்கில் கட்டுங்கள், ரக்கியா மூன்று வகை என் செலவு." ரக்கியா என்றால் இங்கே பழச்சாராயம். கட்டினேன். ஓடிபியையும் நானேதான் அடித்தேன்.

காலை 9 மணிக்குக் குடியரசுச் சதுக்கத்தில், குதிரைமேல் இருக்கும் இளவரசர் மிஹாய்லோ சிலையடியில் சந்திப்பு. பெல்கிரேடில் யாரும் யாரையும் "குதிரைகிட்ட"தான் வரச் சொல்வார்கள். அதனால் அங்கே நின்ற கூட்டத்தில் ஒவ்வொருத்தனும் அவனாகவே தெரிந்தான். 9.40க்கு "ட்ராஃபிக்" என்றான். 10.15க்கு "வேன் பழுது, வேறு வேன் வருகிறது". அப்புறம் ஒற்றை டிக்தான். அம்மா மட்டும், "வருவான்டா, அவங்கம்மா அவரையை ஊறப் போட்டிருப்பாங்கல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 11.30க்குத்தான் அம்மாவைக் கிளப்ப முடிந்தது.

இணையதளத்துக்கு எழுதினால், நீங்களே கேன்சல் செய்துவிட்டீர்கள், புக்கிங்கே இல்லை என்று பதில். ஆள் இல்லை, இயந்திரம். மூன்றாம் முறை எழுதியபோது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது! வங்கிக்குப் போன் போட்டு 40 நிமிடம் பாட்டு கேட்டேன். "ஓடிபி போட்டது நீங்கதானே சார்" என்றார்கள். விளம்பரம் இப்போதும் அப்படியே இருக்கிறது. அதே சட்டி. என் 180 யூரோ!

போகிறவர்களுக்குப் பத்து யோசனையாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இருக்கிற எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது. தளத்தில் புக் செய்தால் தளத்திலேயே கட்டுங்கள், எவன் அம்மாவின் சமையலைச் சொன்னாலும் சரி. டாக்ஸியின் நம்பர் பிளேட் TX என்று முடியாவிட்டால் ஏறாதீர்கள். நகரப் பஸ்ஸும் டிராமும் 2025 ஜனவரியிலிருந்து இலவசம், அதற்கு யாராவது பாஸ் விற்றால் வாங்காதீர்கள். சைவம் வேண்டுமென்றால் "போஸ்னோ" என்று கேளுங்கள், ஆனால் அது விரதச் சாப்பாடு, அதில் மீன் வரலாம், விசாரித்துவிட்டே வாயில் வையுங்கள். ராத்திரி ஸ்கதார்லியா என்ற பழைய தெருவில் ஒரு கஃபானாவில், அதாவது உள்ளூர்ச் சாப்பாட்டுக்கடையில், அம்மாவுக்கு ப்ரெப்ரனாட்ஸ் சொன்னேன். மேலேயே இரண்டு துண்டு சாசேஜ் வைத்துக் கொண்டுவந்தார்கள். அம்மா ரொட்டியும் அய்வார் என்ற குடமிளகாய்த் தொக்கும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

நாளைக் காலை நாங்களே பஸ் பிடித்து நோவி சாத் போகிறோம். அந்தக் கடிகாரத்தையாவது பார்த்துவிட்டு வருகிறேன்.