கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்: மூன்று வழிகளில் எது?

அலாஸ்காவில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, ப்ரூக்ஸ் மலைத்தொடரில் இருக்கிறது கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் தேசியப் பூங்கா. 1980இல் அமைந்தது. காப்பு நிலத்தையும் சேர்த்து ஏறக்குறைய 34,000 சதுர கிலோமீட்டர். உள்ளே சாலையோ நடைபாதையோ கிடையாது. நுழைவுக் கட்டணமும் இல்லை. போக வழி மூன்று.

பூங்காவுக்குக் கிழக்கே ஓடும் டால்டன் நெடுஞ்சாலையில் கோல்ட்ஃபுட் என்ற சிற்றூர்ப் பக்கம் வண்டியை நிறுத்தி மேற்கே நடப்பது மலிவு. ஆனால் அந்தச் சரளைச் சாலைக்குப் பெரும்பாலான வாடகைக் கார் நிறுவனங்கள் வண்டி தருவதில்லை. எல்லையைத் தொடுமுன் ஆற்றில் இறங்கவும் வேண்டியிருக்கும்.

பெட்டில்ஸ் என்ற சிற்றூரிலிருந்து, தண்ணீரில் இறங்கும் மிதவை விமானத்தில் போனால் அரிகெட்ச் என்ற செங்குத்துப் பாறைச் சிகரங்களுக்கும் படகு விடும் ஆறுகளுக்கும் அருகே இறங்கலாம். காட்சிக்கு இதை அடிக்க ஆளில்லை. விமானத்துக்கு மொத்தமாக வாடகை என்பதால் தனியாகப் போகிறவருக்குப் பர்ஸ் காலி.

என் ஓட்டு மூன்றாவதற்கு: ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து வழக்கமான பயணிகள் விமானத்தில் அனக்டுவுக் பாஸ் கிராமத்தில் இறங்கி, அங்கிருந்தே நடப்பது. காரணம், திரும்பும் விதம்.

மிதவை விமானம் குறித்த நாளில், குறித்த ஏரிக்கு வரும். அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். கால் வைத்தால் ஆடும் புல்மேடுகளில் கால் மடங்கி மடங்கி நடந்தால், ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். மழையில் ஆறு ஏறியிருக்கும். ஒரு நாள் பொறுத்தால் வடியும். விமானத்துக்கு நேரமாகிறதே என்று அன்றைக்கே ஆற்றில் இறங்குவதில்தான் ஆபத்து. அடித்துப்பிடித்துப் போய்ச் சேர்ந்தாலும், மேகம் தாழ்ந்தால் விமானம் வராது. கையிலிருக்கும் சாப்பாட்டோடு ஏரிக்கரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

கிராமத்திலிருந்து கிளம்பினால் சாப்பாடு பாதி தீர்ந்ததும் வந்த வழியே திரும்பலாம். தாமதமானால் வீணாவது ஒரு டிக்கெட்தான். அங்கும் மேகம் விமானத்தை நிறுத்தும்தான், ஆனால் பக்கத்தில் கடை உண்டு, மனிதர்கள் உண்டு. எந்த வழியானாலும் இரண்டு மூன்று நாள் உணவு கூடுதலாக இருக்கட்டும்.

இன்னொரு லாபம், ஊரே. கரிபூ மான்களைப் பின்தொடர்ந்து வாழ்ந்த நுனாமியுட் மக்கள் 1940களின் கடைசியில் இங்கே நிலையாகக் குடியேறினார்கள். சைமன் பனீக் அருங்காட்சியகத்தை நடைக்கு முன்பே பாருங்கள். ஈரத்தோலை மர அச்சில் இழுத்து முகமாக்கும் கரிபூத்தோல் முகமூடிகள் இந்த ஊரின் கைவேலை.

குறையும் உண்டு. ஊரைச் சுற்றி ஆர்கோ என்ற, சாலையில்லா நிலத்தில் ஓடும் வண்டிகளின் தடங்கள் தெரியும். அரிகெட்ச் போன்ற செங்குத்துப் பாறைகள் கிடையாது. பக்கத்து நிலம் பழங்குடி நிறுவனங்களுடையது என்பதால் கூடாரம் போடுமுன் கேட்டுக்கொள்வது மரியாதை.

உணவைக் கரடி திறக்க முடியாத டப்பாவில்தான் வைக்க வேண்டும். ஃபேர்பேங்க்ஸ் பூங்கா அலுவலகத்தில் இரவல் தருவார்கள், முந்தினவருக்கே கிடைக்கும். அடுப்பு எரிவாயுவும் கரடியை விரட்டும் ஸ்ப்ரேயும் பெரிய விமானங்களில் ஏறாது. ஃபேர்பேங்க்ஸில் வாங்கிக்கொள்ளலாம், கிராமத்துக்குப் போகும் விமானத்தில் எப்படிக் கட்டி எடுத்துவர வேண்டும் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். ஆகஸ்டில் கொசு குறையும், ஆனால் பனி எந்த மாதமும் விழும். குளிர்காலப் பயணத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.