லினக்ஸ் லேப்டாப்பில் போன் இணையம்: கேபிளா, வைஃபையா, புளூடூத்தா?

உபுண்டு, ஃபெடோரா, டெபியன், ஆர்ச் என எந்த லினக்ஸ் விநியோகமானாலும், டெஸ்க்டாப் நிறுவலில் போன் இணையத்தைக் கையாள்வது பெரும்பாலும் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல்தான். யூஎஸ்பி கேபிள், வைஃபை ஹாட்ஸ்பாட், புளூடூத் மூன்றையும் அது ஒரே மெனுவில் காட்டுவதால் மூன்றும் சமம் என்று தோன்றும். அப்படி இல்லை. தினசரி வேலைக்குக் கேபிள், அது கைவசம் இல்லாதபோது வைஃபை, பேட்டரியை மிச்சப்படுத்தியே ஆக வேண்டும் என்றால் மட்டும் புளூடூத்.

கேபிளுக்கு முதலிடம் கொடுக்க வலுவான காரணம், தனியாக எந்த டிரைவரும் நிறுவ வேண்டாம் என்பது. ஆண்ட்ராய்டு போன்கள் ஆர்என்டிஐஎஸ் முறையிலோ, புதிய பிக்சல் போன்களைப் போல என்சிஎம் முறையிலோ பேசும். இரண்டுக்குமான மாட்யூல்கள் (டிரைவர் துண்டுகள்) வழக்கமான கெர்னலிலேயே, அதாவது லினக்ஸின் மையப் பகுதியிலேயே, உண்டு. புதிதாக லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் வைஃபை சிப்புக்கு ஃபர்ம்வேர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) இல்லாமல் திண்டாடும்போது, அதைத் தரவிறக்கவே இந்தக் கேபிள்தான் கைகொடுக்கும்.

வேலை செய்யவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் டேட்டா கம்பிகளே இருக்காது. போன் சார்ஜ் ஆகிறது, ஆனால் யூஎஸ்பி டெதரிங் (இணையப் பகிர்வு) பொத்தான் மங்கலாகவே நிற்கிறது என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு டெர்மினலில், கெர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' கட்டளையை ரூட் (நிர்வாகி) உரிமையோடு, தொடர்ந்து காட்டும்படி ஓடவிட்டு, போனைச் செருகுங்கள். ஒரு வரியும் வரவில்லை என்றால் கேபிளோ போர்ட்டோதான். போனின் பெயர் வருகிறது, டெதரிங்கை இயக்கிய பிறகும் புதிய நெட்வொர்க் இடைமுகம் (இணைப்புக்குக் கணினி உருவாக்கும் வாசல்) வரவில்லை என்றால் மாட்யூல் ஏறவில்லை. ஆர்ச் பயனர்களுக்கு இது அடிக்கடி நேரும்: கெர்னலைப் புதுப்பித்துவிட்டு ரீபூட் செய்யாமல் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னலுக்கான மாட்யூல்கள் டிஸ்க்கிலிருந்து நீங்கியிருக்கும். ஒரு ரீபூட் போதும்.

இடைமுகம் தெரிகிறது, ஆனால் நெட்வொர்க்மேனேஜர் அதை 'அன்மேனேஜ்டு' (என் பொறுப்பில் இல்லை) என்கிறதா? உபுண்டு சர்வர் நிறுவலில் நெட்வொர்க் பொறுப்பு சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற வேறொரு சேவையிடம் இருக்கும். நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் 'ரெண்டரர்' மதிப்பை நெட்வொர்க்மேனேஜர் என மாற்ற வேண்டும். டெபியனில் அந்த இடைமுகத்தின் பெயரை 'இன்டர்ஃபேசஸ்' கோப்பில் எழுதி வைத்திருந்தால் நெட்வொர்க்மேனேஜர் அதைத் தொடாது.

ஆண்ட்ராய்டில் ஒரு தொல்லை உண்டு. கேபிளைப் பிடுங்கினால் டெதரிங் அணைந்துவிடும். திரும்பச் செருகினாலும் தானாக வராது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இயல்பு யூஎஸ்பி அமைப்பை 'யூஎஸ்பி டெதரிங்' என்று வைத்தால் தீரும். இன்னொன்று, பல போன்கள் ஒவ்வொரு முறையும் புதிய மேக் முகவரியோடு (சாதனத்தின் நெட்வொர்க் அடையாள எண்) வரும். உபுண்டுவும் டெபியனும் அந்த முகவரியை வைத்தே இடைமுகத்துக்குப் பெயரிடுவதால் பெயரும் மாறும். ஒரு பெயரோடு கட்டிவைத்த இணைப்பு அடுத்த முறை ஒட்டாது. இணைப்பு அமைப்பில் சாதனப் பெட்டியைக் காலியாக விடுங்கள்.

ஐபோனுக்கு கெர்னலில் ஐபிஹெத் மாட்யூல் இருக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது. யூஎஸ்பிமக்ஸ்டி சேவையும் லிப்ஐமொபைல்டிவைஸ் தொகுப்பும் வேண்டும். போனைத் திறந்து, 'இந்தக் கணினியை நம்பலாமா' என்ற கேள்விக்குச் சம்மதம் சொன்ன பிறகே இணைப்பு வரும். கேள்வியே வரவில்லை என்றால், பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு 'ஐடிவைஸ்பேர்' கட்டளையால் ஜோடி சேர்க்கலாம்.

வைஃபை ஹாட்ஸ்பாட் வசதியானது, ஆனால் தடுமாறும் இடங்கள் அதிகம். ஐபோன் 12 முதலான மாடல்கள் இயல்பாக 5 கிகாஹெர்ட்ஸில் ஒளிபரப்பும், 2.4 மட்டும் அறிந்த லேப்டாப் அட்டைக்கு அது தெரியவே தெரியாது. 'மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி'யை இயக்கினால் 2.4-க்கு இறங்கும். இணையும்வரை பெர்சனல் ஹாட்ஸ்பாட் திரையை மூடாமல் வையுங்கள். ஹாட்ஸ்பாட் பெயரில் வளைந்த மேற்கோள் குறி இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்; கீபோர்டில் இருக்கும் நேர்க்குறியும் அதுவும் வேறு வேறு எழுத்துகள் என்பதால் டெர்மினலில் தட்டச்சிட்டால் பொருந்தாது.

ஆண்ட்ராய்டில் கடவுச்சொல் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்டால் வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-ஐச் சந்தேகியுங்கள். பழைய அட்டைகளும் டிரைவர்களும் அதில் திணறும். ஹாட்ஸ்பாட் பாதுகாப்பை டபிள்யூபிஏ2 ஆக்குங்கள். இணைந்த பிறகு பிங் நேரம் (பதில் வந்து சேரும் நேரம்) ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் அட்டையின் மின்சேமிப்பே காரணமாக இருக்கலாம். நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பு 3 என்றால் சேமிப்பு இயக்கம், 2 என்றால் நிறுத்தம். உபுண்டு 3 என்று எழுதிய கோப்போடு வருகிறது. 2 ஆக்கி நெட்வொர்க்மேனேஜரை மறுதொடக்கம் செய்யுங்கள்.

அதிகம் பேரை அலைக்கழிப்பது 'இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை' என்ற நிலை. இங்கே போனை மாற்றி மாற்றி அணைத்துப் போடுவது வீண். வரிசையாகச் சோதித்தால் இடம் தெரிந்துவிடும். முதலில் ஐபி முகவரி வந்ததா? வராவிட்டால் நெட்வொர்க்மேனேஜர் இயல்பாக 45 விநாடி காத்துவிட்டுக் கைவிடும். அடுத்து, பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) போகும் வழிகளைக் காட்டும் 'ஐபி ரூட்' கட்டளை. நெட்வொர்க்மேனேஜர் ஈதர்நெட்டுக்கு 100, வைஃபைக்கு 600, புளூடூத்துக்கு 750 என மெட்ரிக் கொடுக்கும். சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. கேபிள் டெதரிங் ஈதர்நெட்டாகவே கணக்காவதால் வைஃபையை முந்தும். ஆனால் இணையமே இல்லாத ஒரு லேன் கேபிளும் செருகியிருந்தால் அது 100, போன் 101 என்றாகிப் பாக்கெட்டுகள் தவறான வழியில் போகும். இணையச் சோதனை இயங்கும் விநியோகங்களில் செத்த இணைப்புக்கு 20000 கூட்டி நெட்வொர்க்மேனேஜரே அதைப் பின்தள்ளிவிடும். அது இல்லாதவற்றில் லேன் கேபிளைக் கழற்றுவதே விரைவான வழி.

வழி சரியாக இருந்தால் இணையத்தில் உள்ள 1.1.1.1 என்ற முகவரிக்குப் பிங் செய்யுங்கள். அது போகிறது, தளப்பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (தளப்பெயரை முகவரியாக மாற்றும் சேவை) கோளாறு. 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் பழைய விபிஎன் எழுதிவிட்டுப் போன முகவரி அப்படியே கிடக்கலாம். சிஸ்டம்டி-ரிசால்வ்டி உள்ள கணினியில் அங்கே வழக்கமாக இருப்பது 127.0.0.53.

பெயரும் திறக்கிறது, சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன, எஸ்எஸ்எச் (தொலைக் கணினியில் நுழையும் வழி) உள்ளே போகும்போதே உறைகிறது என்றால் காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. மொபைல் நெட்வொர்க்குகள் பாக்கெட்டுகளைச் சுரங்கப் பாதைகளில் அடைத்து அனுப்பும். ஐபிவி6 மட்டும் ஓடும் நெட்வொர்க்கில் ஐபிவி4 பாக்கெட்டை மாற்றினாலே தலைப்பு 20 பைட் கூடும். 'பாக்கெட் பெரிது' என்ற அறிவிப்பு வழியில் தடுக்கப்பட்டால் பெரிய பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் தொலையும். துண்டாக்கத் தடை விதித்துப் பிங் அளவை 1472 என்றும் பிறகு 1372 என்றும் வைத்துப் பாருங்கள். முதலாவது போகாமல் இரண்டாவது போனால், 28 பைட் தலைப்பையும் கூட்டி எம்டியுவை 1400 என வையுங்கள். என்எம்-கனெக்‌ஷன்-எடிட்டரில் அதற்குப் பெட்டி இருக்கிறது.

போனில் இணையம் ஓடுகிறது, லேப்டாப்பிலிருந்து போன்வரை பிங் போகிறது, அதற்கப்பால் எதுவுமே இல்லை என்றால் லினக்ஸைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் திட்டத்தில் ஹாட்ஸ்பாட் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸிலிருந்து 64 என்ற டிடிஎல்லோடு (ஒவ்வொரு தாண்டலிலும் ஒன்று குறையும் எண்) கிளம்பும் பாக்கெட் போனைத் தாண்டும்போது 63 ஆகிவிடும். பகிர்வதைக் கண்டுபிடிக்க மொபைல் நிறுவனத்துக்கு அதுவே போதும். சில நிறுவனங்களிடம் ஏபிஎன் (போனின் மொபைல் இணைய அமைப்பு) வகையில் 'டன்' என்பதும் சேர்ந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் ஓடும் விபிஎன் வழக்கமாக டெதரிங்குக்குப் பொருந்தாது. விபிஎன் வழியே மட்டும் திறக்கும் தளம் லேப்டாப்பில் திறக்க, லேப்டாப்பிலேயே விபிஎன் வேண்டும்.

டேட்டா செலவைக் கவனிப்பதில் நெட்வொர்க்மேனேஜர் பாராட்டுக்குரியது. ஆண்ட்ராய்டு டிஎச்சிபி (ஐபி முகவரி தரும் முறை) வழியே அனுப்பும் குறிப்பைப் படித்து, இணைப்பை 'மீட்டர்டு' (டேட்டாவை அளந்து தரும் இணைப்பு) என்று தானே ஊகிக்கும். உபுண்டுவின் தானியங்கிப் புதுப்பிப்பு அதை மதித்து நிற்கும். ஸ்னாப் தொகுப்புகளின் புதுப்பிப்பு நிற்க ஸ்னாப்பின் 'ரெஃப்ரெஷ்.மீட்டர்டு' அமைப்பை 'ஹோல்டு' என்று தனியாக வைக்க வேண்டும். எந்தப் போனானாலும் இணைப்பு அமைப்பில் 'மீட்டர்டு' என்று கைப்பட வைப்பது உத்தமம்.

புளூடூத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏட்டளவில் உச்சமே விநாடிக்கு 3 மெகாபிட். கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. மின்னஞ்சலுக்கும் எஸ்எஸ்எச்சுக்கும் தாங்கும், கணினிப் புதுப்பிப்புக்குத் தாங்காது. ஜோடி சேர்ந்த பிறகும் மெனுவில் போன் தெரியவில்லை என்றால், போனில் புளூடூத் டெதரிங்கைத் தனியாக இயக்கினீர்களா என்று பாருங்கள். ஜோடி சேர்ப்பது மட்டும் அதை இயக்காது.