லோ பானெட் ஜீப் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: புக் அசல், வண்டி வேறு

லோ பானெட் என்று அழைக்கப்படும், பானெட் தாழ்வான பழைய ஜீப் ஒன்றின் ஆர்.சி. புக்கில் 'ஃபோர்டு, 1944' என்று இருக்கிறது. சேஸ் நம்பர், போர்க்கால ஃபோர்டு ஜீப்பின் மாடல் பெயரான ஜி.பி.டபிள்யூ. என்று தொடங்குகிறது. நம்பர் பிளேட்டில் பழைய மெட்ராஸ் சீரிஸ், போல்ட் தலைகளில் ஃபோர்டின் 'எஃப்' எழுத்து. இதையெல்லாம் பார்த்து ஒருவர் புரோக்கர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டார். வின்டேஜ் பதிவுக்காக வண்டியைக் காட்டப் போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. புக் போலி இல்லை. வண்டியும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து வண்டிதான். ஆனால் அந்த புக்குக்குரிய வண்டி அதுவல்ல.

ரேடியேட்டருக்குக் கீழே குனிந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இரண்டு சேஸ் பீம்களையும் முன்பக்கம் இணைக்கும் குறுக்குச் சட்டம் ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ.வில் கவிழ்த்த 'ப' வடிவத் தகடாக இருக்கும். அதே ஜீப்பை வில்லிஸ் நிறுவனம் செய்த எம்.பி. மாடலில் அது உருண்டைக் குழாய். இந்த வண்டியில் குழாய்தான் இருந்தது. வில்லிஸ் சேஸில் ஃபோர்டு நம்பர்!

நம்பர் இருக்கும் இடமும் வேறு. ஜி.பி.டபிள்யூ.வில் இடது பீமின் மேல்புறம், முன்பகுதியில் இரும்பிலேயே குத்தியிருப்பார்கள். எம்.பி.யில் பம்பருக்குப் பின்னால், இடது பீமின் உள்பக்கம் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். இந்த வண்டியில் தகட்டைக் காணோம்; ரிவெட் துளைகளைப் பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். மேல்புறம் நம்பர் குத்திய இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று இருந்தது. சுற்றிலும் எண்பது வருடத் துருக்குழிகள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் கிரைண்டர் கோடுகளே தெரிந்தன.

சேஸ் நம்பரைப் பார்க்கத் தின்னர் தொட்டுத் துணியால் துடைத்தால் போதும், உப்புத்தாள்கூட வேண்டாம். பிறகு மெல்லிய காகிதம் வைத்துப் பென்சில் பிரிண்ட் எடுங்கள். எழுத்துகளின் வரிசை, ஆழம், இடைவெளி எல்லாம் கண்ணைவிடக் காகிதத்தில் நன்றாகத் தெரியும்.

என்ஜின் நம்பர் வலப்பக்கம், ஆயில் ஃபில்டர் அருகே பிளாக்கில் இருக்கும். ஃபோர்டு ஆலையிலிருந்து வந்தபோது சேஸுக்கும் என்ஜினுக்கும் ஒரே நம்பர். அது பொருந்தவில்லை என்பதற்காக மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். ராணுவப் பட்டறைகளில் என்ஜின் மாற்றுவது சர்வசாதாரணம். மாற்றிய விவரம் புக்கில் ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி. சேஸுக்கு இந்தச் சலுகை கிடையாது.

'எஃப்' போல்ட் செட்டாகவே விலைக்குக் கிடைக்கிறது. போர்க்கால ஜீப்பின் ஒன்பது இடைவெளி கிரில்லும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். புரோக்கர் டேப்பை நீட்டி "80 அங்குலம் பாருங்க சார்" என்பார். சிவிலியன் சி.ஜே. ஜீப்பின் வீல்பேஸும் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான நீளம்) ஏறக்குறைய அதேதான்.

இனி காகிதம். பழைய நம்பர், மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் வரவில்லை என்றால் அது பொய் நம்பர் என்று அர்த்தமில்லை, பதிவேடு கணினியில் ஏறாமல் இருக்கலாம். வண்டி கடைசியாகப் பதிவில் இருந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பதிவேட்டு நகல் வாங்குங்கள். 1953-க்கு முந்தைய மெட்ராஸ் நம்பர் ஆந்திரப் பக்கத்து வண்டியுடையதாகவும் இருக்கலாம். மலபார் என்றால் 1956 வரை. புக்கில் உள்ள உரிமையாளர் இறந்திருந்தால், அவர் கையெழுத்துப் போட்டு வைத்த உரிமை மாற்றப் படிவம் 29, 30 எதற்கும் உதவாது. வாரிசு முதலில் படிவம் 31-இல் பெயர் மாற்ற வேண்டும்.

"ஆர்.சி. இல்லாவிட்டாலும் வி.ஏ. நம்பர் (வின்டேஜ் வண்டிக்கான சீரிஸ்) போட்டுத் தருகிறேன்" என்பது இப்போது ஓடும் இன்னொரு வியாபாரம். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சேஸ், பாடி, என்ஜின் பெரிதாக மாற்றப்படாத சொந்த உபயோக வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு. இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி.யைக் காட்டியாக வேண்டும். பழைய நம்பரையே வைத்துக்கொள்ளவும் முடியும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. இதற்கு மேல் கேட்பது புரோக்கரின் பாக்கெட்டுக்கு. பதிவு 10 வருடம் செல்லும், ஆனால் தினசரி ஓட்ட முடியாது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் சேஸில் கை வைக்காதீர்கள். பெயின்ட் அடிப்பதும் கூடாது. குத்திய நம்பரை ராவியிருந்தாலும், அடியில் இரும்பு அழுந்திய தடம் மிஞ்சியிருந்தால் தடயவியல் ஆய்வகத்தில் அமிலக் கரைசல் தடவி மீட்டெடுக்க வாய்ப்புண்டு. தகட்டு நம்பருக்கு அந்த வழி இல்லை. தகடு போனால் என்ஜின் நம்பர்தான் அடுத்த துப்பு. வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் பேச்சு, விற்பனைக் கடிதம், பென்சில் பிரிண்ட் எல்லாவற்றையும் சேர்த்துப் போலீசில் புகார் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த மோசடி என்றால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவு. வில்லிஸ் தகடு புதிதாக அச்சடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். "ஒரு தகடு ஒட்டினால் சரியாகிவிடும்" என்று அதே புரோக்கர் திரும்பி வந்தால், அந்தப் பேச்சையும் பதிவு செய்து புகாருடன் சேர்த்துக் கொடுங்கள்.