பெரிய பெட்டியா, சின்னப் பெட்டியா?

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் வரைபடத்தில் ரயில் பாதை பிடிக்கும் பலகை விளையாட்டான 'டிக்கெட் டு ரைட்' இரண்டு பெட்டிகளாக இருக்கிறது: ஆலன் மூன் வடிவமைத்து 2004இல் வந்த முதல் விளையாட்டு, 2016இல் சிறுவர்களுக்காக வந்த 'ஃபர்ஸ்ட் ஜர்னி'.

சின்னதை அக்காவின் ஆறு வயது மகள் உடனே பிடித்துக்கொண்டாள். ஒரு முறைக்கு இரண்டு நிற அட்டை எடுக்கலாம், அல்லது சேர்த்த அட்டைகளைக் கொடுத்து ஒரு பாதையில் ரயில்களை வைக்கலாம்; இரண்டு ஊர்களை இணைக்கச் சொல்லும் சீட்டுதான் டிக்கெட்; முதலில் ஆறு டிக்கெட் முடித்தவருக்கு வெற்றி. புள்ளிக் கணக்கே இல்லை. அரை மணிக்குள் முடிந்ததும் "மாமா, இன்னொருக்கா" என்பாள். அட்டைகளைப் பார்க்காமல் எடுப்பதால் அதிர்ஷ்டம் கொஞ்சம் அதிகம்.

பெரியதில்தான் நெஞ்சு படபடக்கும். ஐந்து அட்டைகள் திறந்து கிடக்கும். யார் எந்த நிறம் சேர்க்கிறார் என்று கவனிக்கலாம். ஆறு ரயில் பெட்டி நீளமான பாதைக்கு 15 புள்ளி. முடிக்காத டிக்கெட் புள்ளியைத் தின்னும். ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய ஒற்றைப் பாதையில் யாராவது முந்திவிட்டால் சுற்றித்தான் போக வேண்டும், இங்கிருந்து மட்டக்களப்புக்கு ரயிலில் போக கல்லோயா சந்தி வரை போய் அங்கிருந்து மற்றப் பாதையில் திரும்புவது போல. அந்தத் தவிப்புக்காகவே எனக்குப் பெரியதைப் பிடிக்கும்.

எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் சரி, சின்னதை எடுங்கள். அம்மாவும் அதைத்தான் கேட்பா. கழித்தல் கணக்கு அவவுக்கு வேண்டாமாம்.