மூன்று வருடமாகத் தொங்குகிறேன்: ஏரியல் சில்க், ஹூப் அனுபவம்

உயரத்திலிருந்து தொங்கும் துணியிலும் (சில்க்) வளையத்திலும் (ஹூப்) ஏறி வித்தை செய்யக் கற்றுத்தருகிற ஏரியல் வகுப்பு அது. முதல் நாள் முடிந்து வந்து, அங்கே எடுத்த வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தாள். "இதுக்கா காசு கட்டின? இதே மாதிரி தூளியில போட்டு உன்ன ரெண்டு வருஷம் ஆட்டினேனே, எனக்கு யாரு குடுத்தா?" என்றாள்.

அது 2022 ஜூலை. அப்போது எனக்கு வயது 36. சென்னை ஓ.எம்.ஆரில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. கம்பியைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுக்கிற புல்-அப், வாழ்நாளில் ஒன்றுகூட எடுத்ததில்லை. நடுவில் முழங்கை வலியால் நின்றதைக் கழித்தாலும் மூன்று வருடம் ஆகிவிட்டது. சேரலாமா என்று கேட்கிற தோழிகளுக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

பெயர்தான் சில்க். காஞ்சிபுரத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. லேசாக இழுபடுகிற நைலான் துணி அது. நீளமான ஒரே துணியை நடுவில் மடித்து, எட்டு வடிவ உலோக வளையத்தில் கோத்து மேலே மாட்டினால் இரண்டு வாலாகத் தொங்கும். முதல் மாதம் பூராவும் அதில் ஏறுவதுதான் பாடம். கையால் இழுத்து ஏறப் பார்த்தால் நாலாவது பிடியில் விரல் தானாகத் திறந்துகொள்ளும். துணியை ஒரு காலில் சுற்றவிட்டு, மறு காலால் மிதித்துப் பூட்டி, அதன்மேல் எழுந்து நிற்க வேண்டும். பனையேறிகள் காலில் தளை மாட்டிக்கொள்வது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எடை காலில் இறங்கினால்தான் கை அடுத்த பிடிக்குப் போக முடியும்.

ஹூப் வேறு ரகம். எங்கள் வகுப்பில் இருப்பது 95 செ.மீ. விட்டமுள்ள இரும்பு வளையம், மேலே பருத்தி டேப் சுற்றியிருக்கும். துணி மாதிரி உடம்புக்கு ஏற்றபடி அது வளைந்து கொடுக்காது, ஆனால் ஓடியும் போகாது. எங்கே உட்காரலாம், எங்கே பிடிக்கலாம் என்பது கண்ணுக்குத் தெரியும். சுமாரான பலத்தோடு வருகிறவர்களுக்கு ஹூப்தான் முதலில் நல்லது என்பது என் கட்சி. அதற்கு விலை வலி. முழங்கால் மடிப்பில் வளையத்தை மாட்டித் தலைகீழாகத் தொங்கினால் மறுநாள் அந்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருக்கும். புடவை கட்டினால் தெரியாது. இரண்டு மாதத்தில் எங்கே மாட்டினால் வலி குறைவு என்று காலுக்கே தெரிந்துவிடுகிறது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். முதலில் சேர்ந்த இடத்தில் மூன்றாவது வாரமே தலைகீழாகப் போகச் சொன்னார்கள். அதற்கான பலம் எனக்கு இல்லை. ஆனால் தரையை உதைத்துக் காலை வீசினால் எப்படியோ போய்விடலாம். போனேன். கைதட்டினார்கள், ரீல்ஸ் எடுத்தார்கள். ஐந்தாவது மாதம் வலது முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு வலி ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜிலிருந்து தோசை மாவுப் பாத்திரத்தை ஒரு கையால் எடுக்க முடியவில்லை. குழாயைத் திருகினால் சுருக்கென்றது.

பிசியோதெரபிஸ்ட் ஒரு வயதானவர். "தசை சீக்கிரம் பலமாயிடும்மா. அதை எலும்போட கட்டிப் பிடிச்சிருக்கிற நாண் மெதுவாத்தான் தேறும். நீங்க தசைய மட்டும் கேட்டுட்டு ஏறிட்டீங்க" என்றார். பத்து வாரம் எதிலும் தொங்கக் கூடாது. உள்ளங்கை மேலே பார்க்க முன்கையை மேசையில் வைத்து, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும், மறு கையால் தூக்கி மறுபடி இறக்க வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம். சலிப்பு தாங்காது. ஆனால் வலி போனது.

அதற்குப் பிறகு சேர்ந்த இடத்தில் ஆறு வாரம் என்னைக் காலைத் தூக்கவே விடவில்லை. டீச்சர் முதலில் சொல்லிக் கொடுத்தது தொங்குவதற்கு. கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது தோள் காதுவரை ஏறி நிற்கும். முழங்கையை மடக்காமல், தோள்பட்டை எலும்புகளை மட்டும் கீழே இறக்கினால் உடம்பு ஒரு அங்குலம் மேலே வரும், கழுத்து நீளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை போலிருக்கும். அந்த ஒரு அங்குலத்தைச் சரியாகப் பிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

வீட்டில் கதவு நிலையில் ஒரு புல்-அப் பார் மாட்டினேன். என் நோட்டில் முதல் பதிவு: தொங்கியது 12 விநாடி. வாரம் மூன்று நாள், மூன்று மாதத்தில் 45 விநாடி. அப்புறம் நாற்காலி மேல் ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடித்து, ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறங்குவது. ஏறுவதை மறந்துவிட்டு இறங்குவதை மட்டும் செய்தால் ஏறும் பலம் பின்னாலேயே வருகிறது. முழுசாக ஒரு புல்-அப் வந்தது 2023 நவம்பர் கடைசியில். அடுத்த வாரமே மிக்ஜாம் புயல். நாலு நாள் கரண்ட் இல்லை, காட்டுவதற்கும் ஆளில்லை, அம்மாவைத் தவிர.

சென்னையில் இதற்கு இன்னொரு எதிரி வியர்வை. மே மாதம் ஹூப்பைப் பிடித்தால் கை நழுவும். பிடிப்புக்கு ரோசின், அதாவது வயலின் வில்லில் தடவுகிற பிசின், தடவச் சொன்னார்கள். மயிலாப்பூரில் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனேன். "வயலின் கத்துக்கறது யாரு, பொண்ணா?" என்றார் கடைக்காரர். "நான்தான் சார், தொங்கறதுக்கு" என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் கட்டியை எடுத்துக் கொடுத்தார். அதைப் பொடித்துத் துணியில் கட்டி லேசாகத் தட்டிக்கொண்டால் போதும். நிறையப் போட்டால் தோல் உரிகிறது.

வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். ஊஞ்சல் கொக்கிதான் இருக்கிறதே என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். ஊஞ்சல் எடை நாலு சங்கிலிக்குப் பிரிகிறது. இங்கே மொத்தமும் ஒரே புள்ளியில். அதிலும் மேலிருந்து உருண்டு சட்டென்று நிற்கிற 'டிராப்' செய்தால், அந்த நொடியில் விழும் இழுப்பு நம் எடையைப் போலப் பல மடங்கு. பழைய கான்கிரீட்டில் எவனோ எப்போதோ போட்ட கொக்கியை நம்பி நான் ஏற மாட்டேன். ஃபேன் கொக்கி பற்றிப் பேசவே வேண்டாம்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். நான் கட்டுவது மாதம் எட்டு வகுப்புக்கு 5,000 ரூபாய். உடை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், கணுக்கால்வரை லெக்கிங்ஸ், அக்குள் மூடிய மேல்சட்டை. ஒருநாள் சட்டை ஏறிக்கொண்டு துணி இடுப்பில் உரசியதில் சூடு போட்ட மாதிரி தழும்பு, ஆறு மாதம் இருந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகாமல் தலைகீழாகப் போகாதீர்கள். சாம்பார் சாதம் சாப்பிட்ட ஒரு சனிக்கிழமையில் கற்றது.

இப்போது நின்ற இடத்திலிருந்து, உதைக்காமல், இரண்டு காலும் விரித்தபடி தலைகீழாகப் போக வருகிறது. வலது பக்கம் மட்டும். டீச்சர் ஒவ்வொரு வகுப்பிலும் இடது பக்கத்தை முதலில் செய்யச் சொல்கிறார். இடுப்பு பாதி தூரம் எழும்பி, அங்கேயே யோசித்துக்கொண்டு நிற்கிறது.