ஹருனோபுவின் குடைக் காதலர்கள்: கையால் அச்சிட்ட பிரதி வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கண்ணாடிச் சட்டத்தோடு வாங்காதீர்கள்.

படம் ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியர் சுசுகி ஹருனோபுவுடையது, 1760களின் பிற்பகுதியில் வந்தது. பனி கொட்டுகிறது, ஒரே குடைக்குள் ஓர் இளம் ஜோடி நடந்து போகிறது, அவன் கறுப்பில், அவள் வெள்ளையில், காக்கையும் கொக்கும் போல. இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே முகம்! ஹருனோபு எல்லோருக்கும் அந்தப் பொம்மை முகத்தைத்தான் வைப்பார், இதில் முக்காடு வேறு போட்டிருக்கிறார்கள், உடையின் நிறம் இல்லாவிட்டால் யார் யாரென்றே பிடிபடாது. அதனால் காதலை முகத்தில் தேடிப் பயனில்லை. அவ்வளவு வெளி இருந்தும் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு நடக்கிறார்களே, விஷயம் அங்கேதான்.

டோக்கியோவில் ஒரு பட்டறை இதைப் பழைய முறையிலேயே செய்கிறது. செர்ரி மரக்கட்டை, நிறத்துக்கு ஒரு கட்டை, ஈரப்படுத்திய கைக்காகிதம், அதன் முதுகில் பாரென் என்ற வட்டத் தட்டால் தேய்ப்பது. இதில் நிறமே பூசாமல் வெறும் கட்டையை அழுத்தி எடுக்கும் இடங்களும் உண்டு. நேராகப் பார்த்தால் அவள் அங்கியும் தரையில் கிடக்கும் பனியும் வெறும் வெள்ளைதான். ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்த்தால் மேடும் பள்ளமும் எழுந்து வரும், பனிக்குக் கனம் வந்துவிடும். சாதாரண ஆஃப்செட் போஸ்டரில் இது அறவே கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் போனாலும் பாதி காணாமல் போய்விடும்.

நிறம் பளிச்சென்று இருக்கிறது, பழைய படம் மாதிரி இல்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். அருங்காட்சியகங்களில் நாம் பார்ப்பவைதான் வெளிறியவை சார்! அந்தக் காலத்துத் தாவர நீலமும் குசும்பாப் பூச் சிவப்பும் வெளிச்சத்தைத் தாங்காது.

இன்னொரு ஜப்பானிய அச்சு ஓவியரான உடாமரோவின் 1788 தொகுப்பிலிருந்து ஒரு பிரதியும் கிடைக்கிறது, தேநீர் விடுதி மாடியில் இருக்கும் ஜோடி. அவள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறாள், அவன் முகத்தில் ஒரு கண் மட்டும்தான் தெரிகிறது, மெல்லிய துணி வழியாகக் கால்கள் தெரிகின்றன. காமத்தை இவ்வளவு மறைத்துக்கொண்டே இவ்வளவு சொல்ல முடியுமா என்று இருக்கிறது. (அதே தொகுப்பின் மற்ற தாள்கள் பல அப்பட்டமானவை, ஹாலில் மாட்டுகிற ரகமில்லை.) இருந்தாலும் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு குடைக்கே. உடாமரோ படம் நல்ல புத்தக அச்சிலும் ஓரளவு கிடைத்துவிடும், ஹருனோபுவின் பனி கிடைக்காது.

விலை போஸ்டரைப் போலப் பல மடங்கு. கூடவே வந்த விளக்கத்தாள் சுமார். அப்புறம், எனக்கு வந்தது சுருட்டிக் குழலில் வந்தது, அங்கியின் ஓரத்தில் மேடு கொஞ்சம் நசுங்கிவிட்டது. அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வைத்து அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.